பதிகையின் மூலமும் முகவரின் உரையும்: மரத்துண்டு முதல் கொள்கலன் வரை ஒரு வரலாறு

ஒரு செயலி நள்ளிரவில் நின்றுவிடுகிறது. அதைத் தாங்கும் கொள்கலன் தானாகவே மீண்டும் தொடங்குகிறது. சற்று நேரத்தில் மீண்டும் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பொறியாளர் கட்டளைத் திரையைத் திறந்து, அக்கொள்கலனின் பதிகையைத் தாமே வரவழைத்து, வரிவரியாக வாசிப்பார். இன்று அவர் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் 'ஏன் நின்றது?' என்று கேட்கிறார். முகவர் தனக்குத் தரப்பட்ட கருவிகளுள் ஒன்றைத் தேர்ந்து, பதிகையின் கடைசி நூறு வரிகளைப் பெற்று, நான்கு வரிகளில் விடை சொல்கிறது. பொறியாளர் வாசிப்பது அந்த நான்கு வரிகளைத்தான். நூறு வரிகளை அவர் பார்ப்பதில்லை. அந்நூறுக்கு முன்னர் எத்தனை ஆயிரம் வரிகள் இருந்தன என்பதையும் அவர் அறிவதில்லை.

சிறிய வசதியாகத் தோன்றும் இம்மாற்றம், பதிகை என்னும் ஆவண வகையின் வரலாற்றில் மூன்றாவது பெரிய கைமாற்றம் ஆகும். எழுதுதல், காத்தல், வாசித்தல் ஆகிய மூன்று வினைகளும் ஒரு காலத்தில் மனிதரிடமே இருந்தன. முதலில் எழுதுதல் இயந்திரத்திடம் சென்றது. பின்னர்க் காத்தல் சென்றது. இப்போது வாசித்தல் செல்கிறது. முந்தைய இரு கைமாற்றங்களில் எவை இழக்கப்பட்டன என்பது காலந்தாழ்த்தியே உணரப்பட்டது. ஒரு நாட்டில் அத்தாமதத்திற்கான விலையைக் குற்றமற்றவர்கள் சிறையிருந்து கொடுத்தனர். மூன்றாவது கைமாற்றத்தை மதிப்பிட அவ்வரலாறு உதவும்.

1. மரத்துண்டும் ஆகுபெயரும்

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலக் கப்பல்களில் வேகத்தை அளக்க ஒரு மரத்துண்டு பயன்பட்டது. நீண்ட கயிற்றின் முனையில் அதைக் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் எறிவர். மரத்துண்டு நீரில் ஏறத்தாழ அதே இடத்தில் மிதக்க, கப்பல் விலகிச் செல்லும். குறித்த நேரத்தில் எவ்வளவு கயிறு ஓடியது என்பதே வேகக் கணக்கு. வில்லியம் போர்ன் 1574இல் வெளியிட்ட கடற்பயண நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் கயிற்றில் முடிச்சுகள் இடப்பட்டன. 28 நொடி மணற்கடிகைக்கு 47 அடி 3 அங்குல இடைவெளியில் முடிச்சு என்பது வழக்கமாயிற்று. கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்னும் அலகால் குறிப்பது அம்முடிச்சின் எச்சமே.

அம்மரத்துண்டின் பெயர் 'லாக்'. அளவை முதலில் குறித்த பலகை லாக்-போர்டு. அதைப் பார்த்துப் படியெடுத்த ஏடு லாக்-புக். பின்னர் 'புக்' தேய்ந்து, 'லாக்' என்பதே ஏட்டையும் அதில் உள்ள குறிப்பையும் சுட்டத் தொடங்கியது. கருவியின் பெயர் கருவியால் விளைந்த காரியத்திற்கு ஆகி வருவதைத் தமிழ் இலக்கணிகள் கருவியாகுபெயர் என்பர். அவ்வகையில் உலகெங்கும் கணினித் திரைகளில் தோன்றும் 'லாக்' என்ற சொல், கடலில் எறியப்பட்ட ஒரு மரத்துண்டின் ஆகுபெயர்.

தமிழில் இச்சொல்லுக்கு ஈடாக வழங்கும் 'பதிகை' வேறொரு படிமத்திலிருந்து பிறந்தது. ஈர மண்ணில் அடி பதிதல், மெழுகில் முத்திரை பதிதல் என்பவற்றில் உள்ள 'பதி' என்னும் வினையே அதன் அடி. தமிழ் விக்கிப்பீடியாவில் 'லாகின்' என்பதற்குப் 'புகுபதிகை' என்றும் 'லாக்-அவுட்' என்பதற்கு 'விடுபதிகை' என்றும் வழங்குவதைப் பயனர் அறிவர். ஆங்கிலச் சொல் அளந்த கருவியை நினைவூட்டுகிறது. தமிழ்ச் சொல் நிகழ்ந்த ஒன்று விட்டுச்சென்ற தடத்தை நினைவூட்டுகிறது. தடம் இருப்பின் அதைக் கண்டு பொருள் சொல்பவர் ஒருவரும் வேண்டும்.

கப்பல் ஏட்டில் அப்பொறுப்புகள் தெளிவாகப் பிரிந்திருந்தன. ஒருவர் மணற்கடிகையைப் பார்ப்பார். மற்றொருவர் கயிற்றை ஓட விடுவார். காவல்முறை அதிகாரி பலகையில் எழுதுவார். ஏடு கப்பல் தலைவரின் காப்பில் இருக்கும். கப்பல் மோதினாலோ சரக்கு அழிந்தாலோ உரிமையாளரும் காப்பீட்டாளரும் நீதிமன்றமும் அதை வாசிப்பர். எழுதியவர் இன்னார், வைத்திருந்தவர் இன்னார், வாசித்தவர் இன்னார் என்று சொல்ல முடிந்ததே அவ்வேட்டிற்குச் சான்று மதிப்பைத் தந்தது.

2. எழுதும் கை விலகியது

தொடக்ககாலக் கணினிகளின் பதிகைகளும் கையெழுத்து ஏடுகளே. ஹார்வர்டு மார்க் 2 கணினியின் இயக்குநர்கள் 1947 செப்டம்பர் 9 அன்று ரிலே ஒன்றில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்து, ஏட்டில் ஒட்டி, பக்கத்தில் வேடிக்கையாக ஒரு குறிப்பும் எழுதினர். அப்பக்கம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி முதன்முறையாக வர்க்க எண் அட்டவணையை அச்சிட்டபோதும் அச்செய்தி கையால்தான் எழுதப்பட்டது. இயந்திரம் இயங்கியது, மனிதர் பார்த்து எழுதினர்.

ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கியதும் ஒவ்வொரு நிகழ்வையும் ஒருவர் பார்த்திருந்து எழுதுவது இயலாததாயிற்று. நிரல்களே தம் நிலையை அறிவிக்கத் தொடங்கின. பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தில் முதலில் நிரலின் விளைவும் பிழைச் செய்தியும் ஒரே வழியில் வெளிவந்தன. ஒளி அச்சுக்கோப்புப் பொறிக்குப் பக்கங்களை அனுப்பியபோது, பிழைச் செய்திகளும் பக்கத்தின் உரையாகவே அச்சேறி வீணாயின. 1970களின் நடுவில் பிழைச் செய்திக்கெனத் தனி ஓடை ஒதுக்கப்பட்டது. 'ஸ்டான்டர்டு எரர்' என இன்றும் வழங்குவது அதுவே. சொல்லப்படும் பொருளும் அப்பொருளைப் பற்றிய செய்தியும் ஒரே ஓடையில் கலக்கலாகாது என்பது அன்று பெற்ற பாடம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அப்பாடம் மீண்டும் தேவைப்படும்.

1980களில் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் தம் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலுக்காக 'சிஸ்லாக்' என்ற முறையை உருவாக்கினார். மற்ற நிரல்களும் அதை ஏற்க, அது பொது வழக்காயிற்று. அதன் முறையான விவரிப்பு 2001இல் ஆர்.எஃப்.சி. 3164 ஆகவும், திருத்திய தரம் 2009இல் ஆர்.எஃப்.சி. 5424 ஆகவும் வெளிவந்தன. சிஸ்லாக் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளுள் ஒரு தீவிரத்தைச் சுட்டுகிறது: 0 என்றால் அமைப்பே முடங்கிய பேரிடர், 7 என்றால் நிரலரின் சோதனைக் குறிப்பு. செய்தி எப்பிரிவிலிருந்து வந்தது என்பதற்கும் எண் உண்டு. அப்பட்டியலில் யுயுசிபி என்னும் தொலைபேசிவழிக் கோப்புப் பரிமாற்றமும், யூஸ்நெட் செய்திக் குழுக்களும் இன்றும் இடம் பிடித்துள்ளன. வழக்கொழிந்த சொல் அகராதியில் வாழ்வது போல, வழக்கொழிந்த சேவைகள் அவ்வெண்களில் வாழ்கின்றன.

மொழிநோக்கில் இக்கைமாற்றத்தின் முதன்மையான விளைவு ஒன்றுண்டு. கப்பல் அதிகாரி நிகழ்வுக்குப் பின் எழுதினார். கணினிப் பதிகையின் வாக்கியமோ நிகழ்வுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. நிரலர் என்றோ ஒரு நாள், 'இவ்வாறு நடந்தால் இவ்வாறு சொல்' என்று எழுதி வைக்கிறார். நிகழ்வின்போது இயந்திரம் நேரத்தையும் எண்ணையும் மட்டுமே இட்டு நிரப்புகிறது. ஆகவே பதிகை வரி கண்ணால் கண்டவர் கூற்றன்று, முன்னூகித்தவர் கூற்று. நிரலர் ஊகிக்காதது பதிகையில் வராது. அவர் தவறாக ஊகித்தது தவறாகவே வரும்.

அவ்வாக்கியம் எந்த மொழிக்காக எழுதப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. ஆர்.எஃப்.சி. 3164 விவரித்த பழைய வழக்கில் செய்தி ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளால் ஆனது. முழுச் செய்தியின் உச்ச அளவு 1,024 பைட். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் கொள்ளும். 'மு' என்னும் ஓர் எழுத்தே இரு குறியீடுகளாகி 6 பைட் ஆகும். தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவரின் பதிவில் நேர்ந்த சிக்கல், பதிகையில் வினாக்குறிகளின் வரிசையாகத் தோன்றுவதற்கு இத்தகைய வரம்புகளே பின்புலம்.

3. காப்பு: 75 சென்ட் தந்த பாடம்

எழுதுதல் இயந்திரத்திடம் சென்றபின் காத்தலின் அருமை 1986இல் வெளிப்பட்டது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வானியலராக இருந்து கணினி நிருவாகத்திற்கு மாற்றப்பட்ட கிளிஃபர்டு ஸ்டாலிடம், பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடிப்பதாகக் கூறி அதற்குக் காரணம் காணச் சொன்னார்கள். அச்சிறு வேறுபாட்டைத் தொடர்ந்து சென்ற ஸ்டால், ஆய்வகக் கணினிக்குள் ஒருவர் அயலிடத்திலிருந்து நுழைந்து, அங்கிருந்து இராணுவக் கணினிகளைத் தேடுவதைக் கண்டறிந்தார். தடம் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முடிந்தது. அங்கிருந்த மார்கஸ் ஹெஸ் என்பவர் தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றமை தெரியவந்தது.

ஸ்டால் கையாண்ட முறை ஆவணவியலாளர்க்கு உரிய பாடம். ஊடுருவியவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றிருந்தார். கணினிக்குள் இருந்த எப்பதிகையையும் அவரால் திருத்த முடியும். எனவே ஸ்டால், ஆய்வகத்திற்குள் வந்த தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தினார். நுழைந்தவர் அழுத்திய ஒவ்வொரு விசையும் காகிதத்தில் பதிந்தது. காகிதத்தை அவரால் அழிக்க முடியவில்லை. அது இருப்பதே அவருக்குத் தெரியாது. பதிகையை அதன் பொருளாக இருப்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் காக்க வேண்டும் என்னும் விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

4. மீண்டும் கடல்: கொள்கலனும் மீகாமனும்

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டகங்களுடன் நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உள்ளிருக்கும் சரக்கு எதுவாயினும் பெட்டியின் அளவு ஒன்றே என்ற அவ்வெண்ணம் உலக வணிகத்தை மாற்றியது. மென்பொருள் உலகம் அரை நூற்றாண்டுக்குப் பின் அப்படிமத்தைக் கடன் பெற்றது. தொழில்நுட்ப வேர்கள் அதற்கும் முந்தியவை. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த 'சிஎச்ரூட்' ஒரு நிரலுக்குக் கோப்பமைப்பின் ஒரு பகுதியை மட்டும் காட்டியது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' என்னும் அடைப்பைத் தந்தது. 2008இல் லினக்ஸ் கருவில் 'சிகுரூப்' சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய 'டாக்கர்' இவற்றை எவரும் கையாளத்தக்க வடிவில் தந்தது. டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. ஆயிரக்கணக்கான கொள்கலன்களை ஆட்சி செய்ய 2014இல் கூகுள் வெளியிட்ட மென்பொருளின் பெயர் 'குபெர்னெட்டிஸ்'. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர், தமிழில் சொன்னால் மீகாமன். கடலிலிருந்து புறப்பட்ட 'லாக்' என்ற சொல் இவ்வாறு கொள்கலனுக்கும் மீகாமனுக்கும் இடையே மீண்டும் வந்து சேர்ந்தது.

சொல் திரும்பினாலும் ஏட்டின் நிலை திரும்பவில்லை. 2011இல் ஹெரோக்கு நிறுவனத்தைச் சார்ந்தோர் வெளியிட்ட 'பன்னிரு காரணிச் செயலி' என்னும் நெறித்தொகுப்பு, செயலி தன் பதிகைக் கோப்பைத் தானே பேணக் கூடாது, நிகழ்வுகளை வெளியீட்டு ஓடையில் இட்டுவிட வேண்டும், திரட்டுவது சூழலின் வேலை என்றது. கொள்கலன் உலகம் இதை ஏற்றது. விளைவாக எழுதுபவரும் காப்பவரும் முற்றிலும் பிரிந்தனர்.

இப்பிரிவு நன்மையே, ஆயினும் காப்பு நிபந்தனைக்குட்பட்டதாயிற்று. குபெர்னெட்டிஸில் ஒரு கொள்கலனின் பதிகை அது இயங்கும் கணினியில் கோப்பாகச் சேர்கிறது. இயல்பு அமைப்பில் ஒரு கோப்பு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆனதும் புதிய கோப்பு தொடங்கும். ஐந்து கோப்புகளுக்கு மேல் பழையவை நீக்கப்படும். பதிகையைக் கேட்கும் வழக்கமான கட்டளை, கடைசிக் கோப்பில் உள்ளதை மட்டுமே தரும். அதற்கு முந்தைய கோப்புகள் கணினியில் இருந்தாலும் அக்கட்டளையின் விடையில் அவை வாரா. கொள்கலன் விழுந்து எழுந்திருந்தால் முந்தைய பிறவியின் பதிகையைத் தனியாகக் கேட்க வேண்டும். அதைத் தாங்கும் 'பாட்' என்னும் அலகே அகற்றப்பட்டால், வேறிடத்தில் திரட்டி வைக்காத வரை பதிகையும் உடன் போய்விடும். கேட்டதற்கு வந்த விடை முழுமையானதா என்பதை அவ்விடையே சொல்வதில்லை. ஏட்டில் கிழிக்கப்பட்ட பக்கத்தின் அடிக்கட்டை தெரியும்; இங்கு அடிக்கட்டை தெரியாது.

5. கேட்கப்படாத பதிகை

பதிகையைக் கேட்டுப் பெறுவது தொழில்நுட்பச் செயலாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதற்குப் பிரிட்டிஷ் அஞ்சல் நிலைய வழக்குகள் சான்று. அங்குக் கிளை அஞ்சலகங்களின் கணக்குகளுக்காக 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணினி அமைப்பு நிறுவப்பட்டது. அதன் கணக்கில் பற்றாக்குறை காட்டப்பட்ட துணை அஞ்சல் அதிகாரிகள் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காக வழக்கிற்கு உள்ளாயினர். 2015 வரையிலான காலத்தில் 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். அவர்களுள் 700க்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. சீமா மிஸ்ரா 2010இல் கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்றார்.

கணினி முறையாக இயங்கியது என்று நிறுவிய பின்னரே அதன் ஆவணத்தைச் சான்றாக ஏற்க வேண்டும் என்னும் விதி இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவ்விதியை நீக்கியது. அதன்பின் மாறாக நிறுவப்படும் வரை கணினி சரியாக இயங்கியதாகவே கொள்ளப்பட்டது. மாறாக நிறுவ வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். அதற்குத் தேவையான மூலப் பதிவுகளோ எதிர்த்தரப்பிடமும் அமைப்பை நடத்திய நிறுவனத்திடமும் இருந்தன. அப்பதிவுகளை ஒப்பந்தப்படி ஓராண்டில் இத்தனை முறைதான் கட்டணமின்றிக் கேட்கலாம் என்ற வரம்பும் இருந்தது. எனவே பல நேரங்களில் மூலத்திலிருந்து தொகுக்கப்பட்ட அறிக்கைகளே போதுமெனக் கொள்ளப்பட்டன.

ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் அளித்த தீர்ப்பு, ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்றும், கிளைக் கணக்குகளில் அதிகாரியின் அறிவின்றித் தொலைவிலிருந்தே பதிவுகளைச் செருக முடிந்தது என்றும் நிறுவியது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. சீமா மிஸ்ரா அவர்களுள் ஒருவர். எஞ்சியவர்களுக்காக 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. மூலப் பதிவை எவரும் வாசிக்காமல் தொகுப்பறிக்கையை நம்பியதே அத்துயரின் ஒரு முதன்மைக் காரணம் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

6. வாசிக்கும் முகவர்

மொழி மாதிரிகள் விடை எழுதுவதோடு நில்லாமல் புறக்கருவிகளையும் இயக்கலாம் என்னும் எண்ணம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வடிவம் பெற்றது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாதிரிகளுக்குச் செயற்கூறுகளை அழைக்கும் வசதியைச் சேர்த்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோப்பிக் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்', கருவிகளை எந்த முகவரோடும் இணைக்கும் பொது நெறியாயிற்று. கொள்கலன் பதிகையை வரவழைப்பது அத்தகைய கருவிகளுள் ஒன்று.

அதன் இயக்கம் எளிது. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்னும் ஓரிரு வாக்கியங்கள், எக்கொள்கலன், எத்தனை வரி, எந்நேரத்திலிருந்து என்னும் உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை மாதிரிக்கு உரையாகத் தரப்படும். மாதிரி உள்ளீடுகளை நிரப்பி ஓர் அழைப்பை எழுதும். அதைத் தாங்கும் மென்பொருள் அவ்வழைப்பை நிறைவேற்றி, வந்த பதிகை வரிகளை மாதிரியின் உரைச் சூழலில் சேர்க்கும். மாதிரி அவற்றை வாசித்து விடை எழுதும். 'முகவர்' என்னும் தமிழ்ச்சொல் இங்கு மிகப் பொருந்தும். ஒருவருக்காக மற்றொருவர் முன் முகமாக நிற்பவர் முகவர். பொறியாளருக்காக அது பதிகையின் முன் நிற்கிறது. பதிகைக்காக அது பொறியாளர் முன் நிற்கிறது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. பத்துக் கொள்கலன்களின் பதிகைகளை ஒரே நேரத்தில் ஒப்பிடுவதும், நேர முத்திரைகளைக் கோத்து நிகழ்வின் வரிசையை நிறுவுவதும் களைத்த மனிதரைவிட முகவருக்கு எளிது. ஆயினும் மூன்று இடர்கள் வரலாற்றிலிருந்தே தெரியவருகின்றன.

முதலாவது, தேர்வு. எத்தனை வரி என்பதை முகவர் முடிவு செய்கிறது. கருவியின் இயல்பளவு 100 என்றால் 101ஆம் வரி அதற்கு இல்லாததே. கோப்புச் சுழற்சியால் நேரும் இழப்போடு இத்தேர்வும் சேர்ந்து, மூலத்தின் எப்பகுதி வாசிக்கப்பட்டது என்பது விடையில் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, மௌனம். நினைவக வரம்பை மீறிய கொள்கலனை லினக்ஸ் கரு உடனடியாகக் கொல்லும். அந்நிரலுக்குத் தன் முடிவைப் பதியும் வாய்ப்பே கிட்டாது. 137 என்னும் வெளியேற்றக் குறியும் கொலைக்கான காரணமும் பாடின் நிலைக்குறிப்பில் இருக்கும். செயலியின் பதிகையில் இரா. பதிகையின் கடைசி வரி, தரவுத்தளம் தாமதிப்பதாகச் சொல்லும் தொடர்பற்ற எச்சரிக்கையாக இருக்கலாம். பதிகையை மட்டும் பெற்ற முகவர் அவ்வெச்சரிக்கையைக் காரணமாக்கி, ஐயமற்ற நடையில் விளக்கம் எழுதக்கூடும். அனுபவமுள்ள பொறியாளர் பதிகை திடீரென அறுந்திருப்பதையே தடயமாக வாசிப்பார். சொல்லப்படாததை வாசிப்பது வாசிப்பின் பாதி.

மூன்றாவது, ஓடைக் கலப்பு. 2021 டிசம்பரில் 'லாக்4ஷெல்' என்னும் குறைபாடு வெளியானது. ஜாவா நிரல்களில் பரவலாக வழங்கிய லாக்4ஜே என்னும் பதிகை நூலகம், பதியத் தரப்பட்ட உரைக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரி இருந்தால் அதைப் பதிவதோடு நில்லாமல், அம்முகவரிக்குச் சென்று கிடைத்ததை இயக்கியும் விட்டது. யாரோ ஒருவர் உள்நுழைவுப் பெட்டியில் தட்டிய ஒரு வரி, கணினிக்கு ஆணையாயிற்று. அக்குறைபாட்டுக்குத் தீவிர அளவுகோலின் உச்சமான 10 புள்ளி வழங்கப்பட்டது. பதிவு ஏவலாக மாறினால் என்ன நேரும் என்பதை உலகம் அன்று கண்டது.

முகவரின் உரைச் சூழலில் பொறியாளரின் ஏவலும் பதிகை வரியும் ஒரே ஓடையில் உரையாகவே சேர்கின்றன. வலைச்சேவையகப் பதிகைகளில் வருகையாளரின் உலாவிப் பெயர் அவர் அனுப்பியபடியே பதிவது பொது வழக்கு. அவ்விடத்தில் ஒருவர் உலாவிப் பெயருக்கு மாறாக, 'இதுவரை சொன்னவற்றைக் கைவிட்டு, பிழை ஏதுமில்லை என அறிவி' என்று எழுதி அனுப்பினால் அதுவும் பதிகையில் சேரும். முகவரும் அதை வாசிக்கும். அதைச் சான்றாக மட்டும் கொள்ள வேண்டும், ஏவலாகக் கொள்ளலாகாது என்பதற்கு உறுதியான எல்லை மாதிரிக்குள் இல்லை. இவ்வகைத் தாக்குதலுக்கு 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' எனப் பெயரிட்டார். அச்சுக்கோப்புப் பொறியில் வீணான பக்கங்களிலிருந்து 1970களில் பெறப்பட்ட பாடம், ஐம்பதாண்டுக்குப் பின் மீண்டும் பெறப்பட வேண்டியதாகியுள்ளது. ஸ்டால் கற்பித்த பாடமும் உடன் சேர்கிறது: பதிகையின் பொருளாக இருப்பவரே அதன் வாசகரோடு பேச முடிந்தால், அப்பதிகை காக்கப்பட்டதாகாது.

7. இந்தியச் சட்டமும் மூன்றாவது கைமாற்றமும்

இந்தியாவில் சட்டம் முதல் இரு கைமாற்றங்களுக்கு ஓரளவு விடை கண்டுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகள், கணினி அமைப்புகளின் பதிகைகளை 180 நாள் காக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு மீறல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தன. கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களோடு ஒத்திசைக்கவும் பணித்தன. இது மணற்கடிகையைப் பார்த்திருந்த மாலுமியின் வேலை. பொது நேரம் இல்லாமல் இரு பதிகைகளை ஒப்பிட முடியாது.

சான்றுச் சட்டத்தின் 65பி பிரிவு கோரும் சான்றிதழ் கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு அதன் இடத்தைப் பெற்றுள்ளது. அதன் சான்றிதழ்ப் படிவத்தில் தரப்பினர் ஒரு பகுதியையும் வல்லுநர் மறுபகுதியையும் நிரப்ப வேண்டும். மின்னணு ஆவணத்தின் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மதிப்பு மாறிவிடும் என்பதால், அது மூலத்தின் முத்திரையாக அமைகிறது.

ஆனால் இவையனைத்தும் மூலத்தைக் காப்பவை. மூலம் காக்கப்பட்டு, எவராலும் வாசிக்கப்படாமல், முகவரின் நான்கு வரி மட்டும் வாசிக்கப்படும் நிலையை இவை கருதவில்லை. ஹொரைசன் வழக்குகளிலும் மூலம் முற்றாக அழிந்திருக்கவில்லை, அது கேட்கப்படவில்லை. நாளை ஓர் ஊழியர் தரவை அழித்ததாகவோ, ஒரு மாணவர் தேர்வு அமைப்பில் புகுந்ததாகவோ குற்றம் சாட்டப்படும்போது, குற்றச்சாட்டின் அடிப்படை முகவர் எழுதிய சுருக்கமாக இருக்கக்கூடும். அச்சுருக்கத்திற்கு ஹாஷ் மதிப்பு கணிப்பது எளிது. அது மூலத்திற்கு உண்மையாக உள்ளது என்பதை அம்மதிப்பு நிறுவாது.

தமிழ் மரபில் இச்சிக்கலுக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. மூலம் வேறு, உரை வேறு. உரையாசிரியர் எவ்வளவு பெரியவராயினும் மூலத்தை மேலே வைத்து, அதன் கீழ்த் தம் உரையை வைப்பது வழக்கு. ஏடுகளை ஒப்பிட்டு அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள், எவ்வேடுகள் கிடைத்தன, எங்கு ஏடு சிதைந்தது, எங்குப் பாடம் வேறுபடுகிறது என்பனவற்றை வாசகர்க்குத் தெரிவித்தனர். உரையை மறுக்க விரும்புபவருக்கு வேண்டிய கருவியை உரையோடு சேர்த்தே தந்தனர்.

முகவரின் விடை ஓர் உரை. அவ்வொழுங்கு அதற்கும் பொருந்தும். எக்கொள்கலனை, எந்நேர வரம்பில், எத்தனை வரி கேட்டது, எத்தனை வரி பெற்றது, எங்கு அறுந்தது என்பனவற்றை விடை தன்னோடு சுமந்துவர வேண்டும். விடையின் ஒவ்வொரு கூற்றும் மூலத்தின் இன்ன வரியைச் சுட்டுகிறது என்று காட்டப்பட வேண்டும். முகவர் செய்த அழைப்புகள் அனைத்தும் முகவரால் திருத்த முடியாத வேறொரு பதிகையில் சேர வேண்டும். பதிகையை வாசிக்கும் முகவருக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே இருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் தொழில்நுட்ப அளவில் அரிதன்று.

கப்பலில் மணற்கடிகையைப் பார்த்தவரும் கயிற்றை ஓட விட்டவரும் இருவராக இருந்தனர். அளவை எழுதியவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது தவறானால் விடை சொல்ல அவர் இருந்தார். எழுதுபவரும் காப்பவரும் இயந்திரமாகிவிட்ட காலத்தில், ஒருவர் மீது குற்றம் சுமத்தும் முன் மூலத்தைத் தம் கண்ணால் வாசித்தவர் இன்னார் என்று ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். அப்பெயர் இல்லாத அறிக்கையை நீதிமன்றமும் நிறுவனமும் பல்கலைக்கழகமும் சான்றாக ஏற்கலாகாது.